தண்ணீர் இறக்கிய வீடு

புரட்டாசி பிறக்கும்போது மலை வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். அது என் மாமனார் காலத்து ஏற்பாடு. அவர் கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் குத்தகை எடுத்தவர். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலைக்காரக் குடும்பத்தின் நிலத்தில் வாடகை பேசி, ஓடு போட்ட இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டியிருந்தார். அவர் போனபின் குத்தகை நின்றுபோனது, வீடு மட்டும் எங்களிடம் இருந்தது. என் மாமியாருக்கு இழுப்பு நோய். கள்ளக்குறிச்சி வெயிலும் புழுதியும் அவருக்கு ஆகாது. மலையின் மழையும் பனியும் அதைவிட ஆகாது. அதனால் பங்குனியில் ஏறுவோம், மழை பிடிப்பதற்குள் இறங்குவோம். நாங்கள் என்றால் அத்தையும் நானும்தான். என் கணவர் குவைத்தில் பைப் ஃபிட்டராக இருந்தார்.

கல்யாணமான பிறகு வந்த இரண்டாவது லீவில் அவர் ஒரு வாஷிங் மெஷின் கொண்டுவந்தார். துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சோப்புப் பட்டாலே என் விரலிடுக்குகள் வெடித்துப் புண்ணாகிவிடும். அதைப் பார்த்துவிட்டுப் போனவர், அதற்காகவே வாங்கியிருந்தார். ஆனால் கள்ளக்குறிச்சி வீட்டில் கிணற்றில் சேந்தினால்தான் தண்ணீர். அந்த மெஷின் குடிக்கிற தண்ணீரை யார் சேந்துவது? மலை வீட்டுக்கு மேலே வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அங்கிருந்து இரும்புக் குழாய் இழுத்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டி கட்டி, சமையலறைக்கும் குளியலறைக்கும் அவரே குழாய் போட்டார். லீவு முழுவதும் அந்த வேலையில்தான் போனது. மெஷினை லாரியில் ஏற்றும்போது எதிர்வீட்டுக்காரர், "இன்னாங்க, மலையில இருக்கற கரடிக்கா துணி தொவைக்கப் போறீங்க?" என்று கேட்டது தெருவெல்லாம் சிரிப்பாகிவிட்டது. என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டை மூடும்போது குழாய்களிலிருந்தும் மெஷினிலிருந்தும் தண்ணீரைச் சுத்தமாக இறக்கிவிட வேண்டும் என்பதில் மட்டும் அவர் கண்டிப்பு. ஐப்பசியில் ஊற்று பெருகினால் சேறும் சருகும் குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் தாங்காமல் இணைப்புகள் விட்டுப்போகும். மெஷினில் தேங்கிய தண்ணீர் பாசி பிடித்து நாறும். நனைந்த ரப்பரை எலி கடிக்கும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது கேசட்டில்.

அப்போது குவைத்திலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார்கள். யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டில் இருப்பது ஒரே டேப் ரெக்கார்டர், அதன் முன்னால் அத்தையும் உட்கார்ந்திருப்பார். அம்மா எப்படி இருக்கிறாள், இழுப்பு எப்படி இருக்கிறது, கிணற்றைத் தூர் வாரினீர்களா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, மெஷின் வந்ததற்கு அடுத்த வருஷம் ஒரு கேசட்டில் என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"மொதல்ல ஊத்துகிட்ட போயி வால்வ மூடு. பொறவு தொட்டி அடைப்பானப் புடுங்கி வுடு. வூட்டுல இருக்கற கொழா அத்தினியும் தொறந்து வையி. மெஷினுக்குள்ள தண்ணி தங்கினு இருக்கும். ஓஸக் கீழ எறக்கிப் புடி, ஒரு பக்கமா சாச்சாத்தான் மிச்சம் வரும். அவசரப்படாத. மெதுவா பண்ணு. நான் பக்கத்துலயே நின்னுகினு இருக்கேன்னு நெனச்சிக்க."

அத்தை, "அடுப்புல இன்னாவோ தீயுது" என்று எழுந்து போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி அந்தப் பகுதியை மறுபடி போட்டேன். அடுத்தடுத்த நாட்களிலும் போட்டேன். வால்வை மூடு என்கிற இடம் வந்தால் கூடவே நானும் முணுமுணுப்பேன்.

அதே கேசட்டின் கடைசியில், புரட்டாசி பிறக்கிற சமயம் லீவில் வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அந்த வருஷம் ஆவணி முடியும் முன்பே மூட்டை கட்டத் தொடங்கினேன். அவர் வரும்போது நான் கள்ளக்குறிச்சி வீட்டில் தலைவாரி நிற்க வேண்டும். சொன்னபடியே வால்வை மூடினேன், தொட்டியைத் திறந்துவிட்டேன். மெஷினைச் சாய்க்க ஆள் இல்லை. ஒரு பக்கத்துக் காலுக்குக் கீழே கட்டையைக் கொடுத்துச் சாய்த்தேன். ஓஸிலிருந்து கடைசிச் சொட்டு விழுகிறவரை பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓஸைத் துடைத்து, வாயில் துணி அடைத்து, உத்தரத்தில் தொங்கவிட்டேன். மறுநாள் காலை மூட்டைகளோடு பஸ்ஸுக்கு நின்றோம்.

பஸ் வரவில்லை.

நிலத்துக்காரரின் மனைவிதான் செய்தி கொண்டுவந்தாள். "கீழ ரோட்டுல மரத்த எல்லாம் வெட்டிப் போட்டுட்டாங்களாம். இட ஒதுக்கீடு கேட்டு மறியலாம். ஒரு வண்டியும் வராதாம்." கச்சிராயபாளையம் பக்கம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், எங்கும் அதே கதை என்றாள். எங்கள் சொந்தக்காரர்களே அதில் பாதிப் பேர் இருப்பார்கள் என்று அத்தை சொன்னார். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்த என் தம்பி நிச்சயம் இருப்பான் என்று எனக்கும் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பினோம். குழாயைத் திருகினால் ஒன்றும் வராத வீடு. நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடந்தேன். வால்வு அங்கேயே இருந்தது. ஒரு திருகு திருகினால் போதும். திருகவில்லை.

"தொறந்து வுட்டுடேம்மா. ஏன் இடுப்பொடியத் தூக்கினு வர்ற?" என்றார் அத்தை.

"நாளைக்கு பஸ் வந்துரும் அத்த. மறுபடி மூடணுமே."

மறுநாளும் பஸ் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அத்தை கேட்பதை நிறுத்திக்கொண்டார். தண்ணீரைத் திறந்துவிட்டால், அவர் இப்போதைக்கு வரப்போவதில்லை என்று நானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று பட்டது. இன்று யோசித்தால் கிறுக்குத்தனம்தான். அன்று குடம் குடமாகச் சுமந்தேன். டிரான்சிஸ்டரில் மறியல் என்ற ஒரு சொல்தான் கேட்கும். ஆனால் போலீஸ் சுட்டுவிட்டது, குடிசை எரிகிறது என்றெல்லாம் மலையேறி வந்தவர்கள் சொன்னார்கள். அவர் விமானத்தில் வந்து இறங்கியிருப்பாரா, எந்த ரோட்டில் நிற்கிறார், ஒன்றும் தெரியாது. அரபிக் கடலைத் தாண்டி இருந்தபோது இல்லாத தூரம், நடுவில் சில புளியமரங்கள் விழுந்தபோது வந்துவிட்டது. நான் ரோடு தெரிகிற பாறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அத்தை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன்.

ஒரு மத்தியானம், ரோட்டிலிருந்து அல்ல, கீழே தினைக்கொல்லை வழியாக ஒரு ஆள் ஏறி வந்தார். சட்டையெல்லாம் மண், ஒரு கையில் செருப்பு. கிட்ட வருகிறவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னா, யாரோன்னு பாக்கற?" என்றார்.

உள்ளிருந்து அத்தைதான் ஓடிவந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். மெட்ராஸில் பெட்டிகளைச் சிநேகிதர் வீட்டில் போட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் கொஞ்சமும் நடந்து கொஞ்சமுமாகக் கள்ளக்குறிச்சி வந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, விழுந்த மரங்களின் மேல் அதைத் தூக்கித் தூக்கி வைத்து, மலையடிவாரம் வரை வந்து, அங்கே ஒரு கடையில் விட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் ஏறியிருக்கிறார்.

"மரத்தாண்ட நின்னவங்க தடுக்கலியா?" என்று கேட்டார் அத்தை.

"எங்கப் போறன்னு கேட்டாங்க. பொண்டாட்டி மலையில இருக்கான்னேன். சைக்கிள அவங்களே தூக்கி அந்தாண்ட வெச்சாங்க."

கைகால் கழுவப் பின்பக்கம் போனவர் குழாயைத் திருகினார். ஒரு சொட்டும் வரவில்லை. அடுத்ததைத் திருகினார். குனிந்து மெஷின் தொட்டியைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. உத்தரத்தில் தொங்கிய ஓஸைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சுத்தமா எறக்கிட்டியே" என்றார். நாலு பேர் முன்னால் என்னைப் புகழ்ந்தது போல இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இருவரும் ஊற்றுக்குப் போனோம். "நீயே தொற" என்றார். திறந்தேன். திரும்பி வரும்போது வீட்டுக் குழாய்கள் இருமிக்கொண்டிருந்தன. முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்த தண்ணீர். மாற்றுத்துணி இல்லாததால் தன் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தன் சட்டையையும் பேண்ட்டையும் அவரே மெஷினில் போட்டார். கரண்ட் இருந்தது. அது சுற்றுகிற சத்தத்தை நாங்கள் மூவரும் ஏதோ கச்சேரி போலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ரோடு திறக்கும்வரை மலையில் இருந்தோம். அவர் விறகு உடைத்தார், ஒழுகிய இணைப்பு ஒன்றுக்குச் சணல் சுற்றினார், மத்தியானத்தில் என் மடியில் தலைவைத்துத் தூங்கினார். அத்தை பக்கத்து வீட்டுக்குப் போனால் வெகுநேரம் வரமாட்டார். பஸ் ஓடுகிறது என்று தெரிந்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மறுபடி வீட்டை மூடினோம். இந்த முறை மெஷினின் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். சாய்த்தபோது ஓஸ் நழுவி, அழுக்குத் தண்ணீர் என் புடவை முழுவதும் கொட்டியது. "மெதுவா பண்ணுன்னு கேசட்டுல சொன்னேனே" என்றார். கட்டிலிலிருந்து அத்தை, "ரெண்டு பேரும் சிரிச்சது போதும், பஸ்ஸு போயிடப் போவுது" என்று சத்தம் போட்டார். ஈரப் புடவையோடுதான் இறங்கினேன். வழியெல்லாம் ரோட்டோரம் தள்ளிவைத்த புளியமரங்கள், இலை வாடாமல் கூட இருந்தன சில.

லீவு முடிந்து சின்னசேலத்தில் ரயிலேறும்போது, "அடுத்த தடவ நானே வந்து மூடறேன்" என்றார். அடுத்த வருஷம் அவருக்கு லீவு சித்திரையில் கிடைத்தது. அதற்கடுத்த தை மாதம் அத்தை போய்விட்டார். மலைக்குப் போகக் காரணம் இல்லாமல் போனது. நிலத்தையும் வீட்டையும் நிலத்துக்காரர் குடும்பத்திடமே விட்டுவிட்டோம், மெஷினையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். அவர் நிரந்தரமாக ஊர் திரும்ப இன்னும் பல வருஷம் ஆனது. வந்தபின் சேர்ந்து வாழ்ந்த காலம், பிரிந்திருந்த காலத்தில் பாதிகூட இல்லை.

இப்போது கள்ளக்குறிச்சி வீட்டில் மோட்டார் இருக்கிறது, தானாகத் துவைத்துப் பிழிகிற மெஷின் இருக்கிறது. என் மகள் அதைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாள். நான் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "இன்னாம்மா, அது என்ன ஓடியா போயிடும்?" என்பாள். ஒன்றுமில்லை, நீ போ என்பேன்.