என் லேப்டாப்பில் ஓடியது

பொறாமையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் திருந்திவிடுகிறார்கள். நான் திருந்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பி மனைவி, இதை எழுதும் இந்த நிமிடமும் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். நாளைக் காலையில் நான் ரயிலுக்கு ஓட வேண்டும். நினைத்தாலே வயிறு எரிகிறது.

கோரமண்டலில் எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லைன் வீடு. மாமனார் இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கிடைத்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் கல்யாணம் ஆனபிறகு நடுவில் பிளைவுட் பலகையை நிறுத்தி இரண்டாக்கிக்கொண்டோம். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ரகசியம் என்று ஒன்று வைத்துக்கொள்ள இங்கே வசதியில்லை.

நானும் ஓரகத்தியும் பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். எங்கள் டீமுக்கு ஆள் வேண்டும் என்றபோது அவளுடைய பயோடேட்டாவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஆபீஸ் முழுவதும் அவளைத் தெரிந்துகொண்டது. பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் வளர்ந்தவள், கன்னடமும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு. டீம் லீடரிடம் கன்னடத்திலேயே கிண்டல் பேசுவாள். என் கன்னடமோ பஸ்ஸில் சில்லறை கேட்கும் அளவுக்குத்தான். அவர் அவளிடம் பேசும்போது சிரிப்பார். என்னிடம் பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆபீசில் மேசைகளைக் குறைக்கப்போகிறார்கள், உங்களில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார். எனக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை. என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி வழிந்துகொண்டிருப்பாள். மாமியார்தான் எழுப்பி, திட்டி, கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவார். பெற்ற பிள்ளையின் முகத்தை நான் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இந்த வாய்ப்பு கிடைத்தால் அவளைத் தினமும் நானே எழுப்பலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

யார் என்பதை முடிவு செய்ய லீடர் ஒரு வேலை வைத்தார். வாடிக்கையாளர் ஒருவருக்காக ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய பழைய ரிப்போர்ட் புரோகிராம் ஒன்று எங்களிடம் இருந்தது. ஆபீசில் அதை ஓட்டுவதற்குப் பெரிய மென்பொருள் ஒன்று உண்டு, பச்சை பட்டனை அமுக்கினால் போதும். அதை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதியில்லை. வீட்டில் கறுப்புத் திரையைத் திறந்து கமாண்ட் அடித்துத்தான் ஓட்ட வேண்டும். புரோகிராமையும் அதற்குத் துணையாகத் தேவைப்படும் லைப்ரரி ஃபைல்களையும் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தார். ஓட வைத்து, எப்படி ஓட்டுவது என்று எழுதித் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள், என் மெஷினில் ஓட்டிப் பார்ப்பேன் என்றார்.

கேட்டதும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இது என் கோட்டை. வருடக்கணக்காக ரயிலில் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்த்தவள் நான். ரயில் புறப்படுகிற மாரிகுப்பத்திலேயே ஏறுகிற பெண்கள் எனக்காக சன்னலோரம் ஒரு பையைப் போட்டு வைத்திருப்பார்கள். உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன்.

அந்த வேலையில் உள்ள சிக்கலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜாவா புரோகிராம் தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்காது. இன்னின்ன இடத்தில் போய்ப் பார் என்று நாம்தான் முகவரி தர வேண்டும். அந்த முகவரி வரிசைக்குக் கிளாஸ்பாத் என்று பெயர். ஒவ்வொரு முறையும் கமாண்டோடு சேர்த்து முழுதாக அடித்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் கம்ப்யூட்டரின் செட்டிங்கில் ஒரே தடவை நிரந்தரமாக எழுதிவைத்துவிடலாம். ஆடுகிற ரயிலில், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை விலாவில் இடிக்க, அவ்வளவு நீளக் கமாண்டை யார் அடிப்பது? ஒரு புள்ளி விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறியபிறகு கையை அசைக்கவே முடியாது. அதனால் நான் எப்போதோ எல்லா முகவரிகளையும் செட்டிங்கில் எழுதிவைத்துவிட்டேன். அதற்குப்பின் இரண்டே சொல்லில் கமாண்ட் முடிந்துவிடும். எங்கள் பெட்டியில் வேறு பெண்களுக்கும் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன்.

அன்று மாலை ரயிலிலேயே புதிய லைப்ரரிகளின் இடத்தையும் அந்தப் பழைய வரிசையில் சேர்த்தேன். ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் புரோகிராம் ஓடிவிட்டது. எப்படி ஓட்டுவது என்று ஒரே வரியில் எழுதி முடித்தேன். எதிர் இருக்கையில் ஓரகத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அக்கா, உங்களுக்கு ஓடிச்சா?”

“ஓடிச்சு.”

“எனக்கு ஓட மாட்டேன்னுது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?”

போனேன். உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் போனேன் என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். அவள் திணறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. அவளிடம் இருந்தது அவள் அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப். ஜாவாவைத் தவிர அதில் எதுவும் கிடையாது. திரையில் புரோகிராம் தொடங்குகிற முக்கிய பகுதியான கிளாஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வரிசையாக வந்திருந்தது. பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடிமட்டம் வரைக்கும் இறங்கி, ஃபைல் இருக்கும் இடத்திலேயே நின்றுகொண்டு ஓட்டியிருந்தாள்.

“ஏன்மா அவ்ளோ உள்ள போன?”

“ஃபைல் அங்கதான கீது. லெவலுக்கு எறங்காம எப்படிக்கா வேல செய்யறது?” சுரங்கத்துக்கு அடியில் வேலை நடக்கிற தளத்தை மாமனார் லெவல் என்பார்.

“இதுல அப்படி இல்ல. மேல வந்து நில்லு. அங்கேருந்து ஃபோல்டர் பேரும் சேத்து முழுப் பேரையும் சொல்லிக் கூப்புடு.”

மேலே வந்தாள். கிளாஸ் கிடைத்தது. இப்போது லைப்ரரி இல்லை என்றது. லைப்ரரி ஃபோல்டருக்குள் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள் என்று நட்சத்திரக் குறி போடச் சொன்னேன். போட்டதும், கொஞ்சம் முன்பு கிடைத்த கிளாஸ் மறுபடி காணாமல் போனது. லைப்ரரியின் இடத்தைச் சொல்லும்போது, நாம் நிற்கிற இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டையும் சேர்த்தாள். அப்போதும் ஓடவில்லை. நெட்டில் யாரோ லினக்ஸுக்கு எழுதியதைப் பார்த்து நடுவில் முக்காற்புள்ளி வைத்திருந்தாள். விண்டோஸில் அரைப்புள்ளி வைக்க வேண்டும். அதையும் நானே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகமாகிவிட்டது. அவளுக்குத் தெரியாதது இத்தனை இருக்கிறதே என்று.

“இவ்ளோ நீளமா கீதே. நீங்களும் இப்படித்தான் அடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

“எனக்கு எதுக்கு? என் மெஷின்ல எல்லாம் எழுதி வெச்சுட்டேன்.”

“அப்போ எனக்கும் அப்படியே எழுதி வெச்சுடுங்களேன்க்கா.”

சரி என்று செட்டிங்கைத் திறந்தேன். அண்ணனின் பாஸ்வேர்டைக் கேட்டது. அவருக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் நீளக் கமாண்டையே எழுதி அனுப்புவதாகச் சொன்னாள். மனசுக்குள் அவளைப் பாவம் என்று நினைத்துக்கொண்டே என் பக்கத்துக்கு வந்தேன். அந்த மனிதர் போனை எடுத்திருந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்தே தோற்றிருப்போம்.

திங்கட்கிழமை லீடர் முதலில் என்னுடையதைத்தான் எடுத்தார். நான் எழுதியிருந்ததை அப்படியே அடித்தார். லைப்ரரி இல்லை என்று வந்தது. மறுபடி அடித்தார். அதே பதில். அவருடைய மெஷினுக்கு என் முகவரி வரிசை எப்படித் தெரியும்? அது என் லேப்டாப்பின் செட்டிங்கில் அல்லவா உட்கார்ந்திருந்தது. எனக்கு அது உறைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“என் லேப்டாப்பில் ஓடியது சார்.”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். எங்கள் தொழிலில் அது பழைய ஜோக். புதிதாகச் சேர்ந்தவர்கள் சொல்லி மாட்டிக்கொள்வது. அடுத்து ஓரகத்தியின் கமாண்டைப் போட்டார். தேவையான எல்லாமே அந்த வரியில் இருந்தது, அரைப்புள்ளி உட்பட. ரிப்போர்ட் மளமளவென்று வந்து விழுந்தது. அவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவளும் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வரியில் ஒவ்வொரு எழுத்தும் என் வாயிலிருந்து வந்தது என்று கத்த வேண்டும் போலிருந்தது.

மாலை ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நீங்க சொல்லிக் குடுத்துத்தான் எனக்கு ஓடிச்சு. நாளிக்கு அவர்கிட்ட சொல்லிடறேன்.”

“சொல்லு. அப்போ சொல்லிக் குடுத்தவங்களுக்கே ஏன் ஓடலன்னு கேப்பாரு. அதுக்கு இன்னா பதில் சொல்லுவ?”

நீளக் கமாண்டை அடிக்க விடாத ரயில்தான் என்னைக் கவிழ்த்தது, அந்த ரயிலில்தான் இனியும் போகவேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? லேப்டாப்பைத் திறந்து, செட்டிங்கில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அதே கமாண்டை முழுதாக அடித்தேன். ரயில் ஆடியதில் பலமுறை தப்பாகிக் கடைசியில் ஓடியது. அவள் பார்த்து, “ஓடிச்சுக்கா,” என்றாள். அவள் வாயால் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை என்று உத்தரவு வந்தது. மறுவாரத்திலிருந்து இருட்டில் நான் மட்டும் செருப்பைத் தேடினேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்கும். போர்வைக்குள் இருக்கிறாள் என்று தோன்றும்போதே எனக்குக் குளிர் அதிகமாகும். அவளுக்குக் குழந்தையில்லை. என்மேல் அவளுக்கும் பொறாமை இருக்கலாம் என்று சில நாள் நினைத்துப் பார்ப்பேன். இருந்தால் நல்லதுதான், எனக்கும் துணையாக இருக்கும்.

என் மகளை எழுப்பி அனுப்புகிற வேலையை மாமியாரிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போது எனக்குப் படங்கள் அனுப்புவாள். மகள் இட்லி சாப்பிடுகிறாள், ஷூ போடுகிறாள், பள்ளி கேட்டருகே நின்று கையாட்டுகிறாள். அனுப்பாதே என்று சொல்ல முடியவில்லை. அனுப்பாத நாளில் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். “இப்பல்லாம் அது அழுவறதே இல்லமா,” என்று மாமியார் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை லீவு போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மகளை எழுப்ப வேண்டும், அதற்காகத்தான். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?” என்றாள்.

“இல்லடா. அம்மா லீவு.”

எழுந்து, பல் தேய்த்து, சொன்னதையெல்லாம் செய்தாள். முன்னால் உட்கார வைத்து இரட்டை ஜடை பின்னினேன். வெகுநாள் ஆகிவிட்டதால் விரல்கள் தடுமாறின. ஒரு பக்கம் மேலேறி, ஒரு பக்கம் தொங்கியது. பொறுமையாக உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இருப்பதுபோல. முடிந்ததும் சித்தியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அந்தப் பக்கம் போனாள். போனவள் திரும்ப நேரமானது.

வந்தபோது ஜடை வேறாக இருந்தது. நேர்வகிடு, இரண்டும் ஒரே உயரம், ரிப்பன் இறுக்கமாக. அவள் பின்னால் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓரகத்தி நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா. அவ ஒத்துக்கல.”

“பரவால்ல,” என்றேன். “நல்லாத்தான் கீது.”

நன்றாகத்தான் இருந்தது, அதுதான் தாங்கவில்லை. அந்த ரிப்பனை உருவி இரண்டு ஜடையையும் அவிழ்த்துவிடக் கை துடித்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நான் மறுபடி தலையைத் தொட்டுவிடுவேனோ என்று கொஞ்சம் தள்ளியே நடந்தாள்.