கிழக்கே வைத்த மூட்டை

1902-ஆம் வருஷம் ஜூன் மாதம் 11-ஆம் தேதி, புதன்கிழமை. அப்போது நான் ஆழ்வார்குறிச்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அன்று காலை நாலரை மணிக்கு எழுந்தேன். ஆற்றில் குளித்து, திருநீறு பூசி, ஐந்தரைக்கு வீடு திரும்பினேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். முந்தைய நாள் விட்டுப்போன இரண்டு வரிகளை நாட்குறிப்பில் எழுதினேன். ஏழு மணிக்குச் சாப்பாடு. மேற்கே மலையில் சாரல் இறங்கியிருந்தது, ஊருக்குள் தூறல் இல்லை. இவ்வளவும் அந்தத் தேதியின் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே எழுத வேண்டியதைப் பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஏரலுக்கு மாற்றலாகியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை அங்கே ஆஜராக வேண்டும். எங்கள் பக்கம் அப்போது ரயில் வரவில்லை. குடும்பத்தோடு போவதென்றால் மாட்டுவண்டிதான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றை ஒட்டியே கிழக்கே மூன்று நாள் பயணம். என்னோடு வர வேண்டியவர்கள் என் மனைவி, ஐந்து வயது மகள், எட்டு மாதக் கைக்குழந்தை. குழந்தை ஆண்.

மாற்றல் உத்தரவு வந்த நாளிலிருந்தே எனக்குத் தூக்கம் சரியில்லை. குழந்தைக்கு இரண்டு மாதத்துக்கு முன் மாந்தம் வந்து, வயிறு உப்பி, கைகால் இழுத்துக்கொண்டது. அம்பாசமுத்திரத்து வைத்தியர் ஒருவர் கொடுத்த மாத்திரையில்தான் பிழைத்தான். அதே மாத்திரையில் இன்னும் பதினொன்று ஒரு சின்னக் குப்பியில் மிச்சம் இருந்தன. வழியில் மறுபடி வந்தால் என்ன செய்வது? கிழக்கே ஏதோ ஓர் ஊரில் வாந்திபேதி கண்டிருப்பதாக வேறு பேச்சு அடிபட்டது. எந்தச் சத்திரத்துக் கிணற்றை நம்புவது? மகளுக்கு வண்டியில் ஏறினால் ஒரு மைலுக்குள் குமட்டும். அவளை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைப்பது? இப்படி ஒவ்வொன்றாகத் தோன்றத் தோன்ற எழுதி வைத்தேன். எங்கே எத்தனை மணிக்கு வண்டியை அவிழ்ப்பது, எங்கே வெந்நீர் போடுவது, வண்டிக் கூண்டுக்குள் குழந்தைக்கு ஏணைத் தொட்டில் எந்த வளையத்தில் கட்டுவது, எல்லாம் சேர்ந்து நாலு தாள் ஆயிற்று.

வண்டிக்காரரை வரவழைத்து நாலு தாளையும் வாசித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. மாடு எத்தனை மணிக்குச் சாணி போடணும்னு எழுதலையே" என்றார்.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த சிக்கல் பஞ்சாங்கத்தில் இருந்தது. எனக்குப் பதிலாக வந்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வியாழன் மாலை ஆகிவிடும். வெள்ளிக்கிழமை விடியலில் புறப்பட்டால்தான் திங்கட்கிழமைக்குள் சேரலாம். ஆனால் வெள்ளி அஷ்டமி. வியாழன் எனக்குச் சந்திராஷ்டமம். புதன்கிழமை காலை மட்டும் நேரம் நன்றாக இருந்தது. இப்படிப்பட்ட இக்கட்டுக்கு எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் வைப்பார்கள். நல்ல நேரத்தில் பயணத்துக்குரிய ஒரு பொருளை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் எந்த நாளில் புறப்பட்டாலும் தோஷமில்லை. ஆனால் வைத்த மூட்டை வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் பயணம் முறிந்தது என்று அர்த்தம்.

வழக்கமாக ஒரு வேட்டியையோ கொஞ்சம் அரிசியையோதான் வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. நல்ல நேரத்தில் போகிற மூட்டையில் எது இருக்கிறதோ அதற்குத்தான் முழுப் பலன் என்று எனக்குப் பட்டது. அந்த நாலு தாள் ஜாபிதாவில் முதலாவதாக எழுதியிருந்தது குழந்தையின் மாத்திரைக் குப்பி. அதையும் குழந்தையின் இரண்டு துணிகளையும் சேர்த்துக் கட்டினேன்.

மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "துணி மட்டும் வச்சாப் போதாதா? மருந்து கையில இருக்கட்டுமே" என்றாள்.

இரண்டே நாள்தான், குழந்தைக்கு இரண்டு மாதமாக ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை வண்டி மூட்டை வைக்கிற வீட்டு வழியாகத்தானே போகப்போகிறது, ஏறும்போதே எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன். எக்காரணம் கொண்டும் அந்த மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஒன்பதே கால் மணிக்கு மூட்டையைக் கொண்டுபோய், ஊரின் கிழக்கு எல்லையில் இருந்த எண்ணெய் வியாபாரி வீட்டில் வைத்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஆறு நிமிஷம். அங்கிருந்து ஆபீசுக்குப் போனேன். வெகு நாளைக்குப் பிறகு அன்று மனம் லேசாக இருந்தது.

சாயங்காலம் ஐந்தே கால் மணிக்குத் தெருவில் திரும்பும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. பசி அழுகை இல்லை. உள்ளே மனைவி குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். வயிறு மத்தளம்போல் இருந்தது. கட்டைவிரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. மகள் மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"மூணு மணியில இருந்து இப்படித்தான் துடிக்கான். பக்கத்து வீட்டுல உரைமருந்து வாங்கிக் குடுத்தேன், கக்கிட்டான். மூட்டையத் தொடக் கூடாதுன்னு சொன்னியள்லா, அதான் நீங்க வரட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

இரண்டே கால் மணி நேரம். ஆறு நிமிஷ தூரத்தில் மருந்து இருக்க, என் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அவள் காத்திருந்தாள்.

அதைக் கேட்டவுடன் நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். பரஸ்தானம் வைத்ததைத் திருப்பி எடுத்தால் பரிகாரம் ஏதும் உண்டா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகத் தேடினேன். பயணம் முறிந்தால் வழியில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். அந்தக் குழந்தை என் முதுகுக்குப் பின்னாலேயே துடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் ஒன்றும் அகப்படவில்லை. மேலத்தெரு ஜோசியரைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லி மேற்கே ஓடினேன். அவர் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது மணி ஐந்து நாற்பது.

குழந்தையின் அழுகை நின்றிருந்தது. அழுததைவிட அது பயங்கரமாக இருந்தது. கண் மேலே செருகிக் கிடந்தது. முனகல் மட்டும் வந்தது.

என் மனைவி குழந்தையைச் சேலைத் தலைப்பால் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். மகளின் கையைப் பிடித்திருந்தாள். வாசலைத் தாண்ட ஒரு அடிதான் பாக்கி.

"மூட்டைதான திரும்பி வரக் கூடாது? பிள்ளை அங்க போகலாம்லா" என்றாள்.

என் வாயில் அப்போது வந்தது என்ன தெரியுமா? "இந்தக் கோலத்துல படியிறங்கினா இதுதான் பயணம்னு ஆயிரும்" என்றேன்.

"ஆயிட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டாள். தலையில் எண்ணெய் இல்லை, முகம் கழுவவில்லை. வில்வண்டி, மெத்தை, ஏணை என்று நான் யோசித்து வைத்திருந்த பயணத்தை அவள் வெறுங்காலோடு தொடங்கிவிட்டாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. "தம்பி ஏன் அழலை?" என்று மகள் என் காதில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எண்ணெய் வியாபாரி மூட்டையைச் சாமி படத்துக்குக் கீழே மணைப்பலகை போட்டு வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எடுத்து வந்தார். ஆனால் முடிச்சில் கை வைக்கத் தயங்கினார்.

"அண்ணாச்சி, நான் அவுக்கலாமா, நீங்கதான் அவுக்கணுமா?" என்று கேட்டார். அவரும் என்னைப்போலத்தான்.

நான் வாங்கிப் பார்த்தேன். காலையில் நானே போட்ட இரட்டை முடிச்சு. நகத்தால் நெம்பினேன், அவிழவில்லை. வியாபாரியின் மனைவி பாக்குவெட்டியை எடுத்து வந்து, யாரிடமும் கேட்காமல் துணியைக் கிழித்துக் குப்பியை வெளியே எடுத்தாள்.

மாத்திரையைத் தாய்ப்பாலில் உரைத்துப் பாலாடைச் சங்கில் எடுத்து வாயில் ஊற்றினார்கள். முதல் வாய் கடைவாயில் வழிந்துவிட்டது. இரண்டாவது கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது இறங்கியது. அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த அம்மாள் விளக்கெண்ணெயைச் சூடாக்கி வயிற்றில் பைய நீவிக்கொண்டிருந்தாள். என் மனைவி குழந்தையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்தேன், மணி பார்க்க மனம் வரவில்லை, திரும்பப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அதனால் என்னால் சொல்ல முடியாது. வெளியே மாடுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. குழந்தையின் வயிறு ஒரு தரம் உருண்டது. பிறகு அந்த அம்மாளின் மடியெல்லாம் நனையப் பேதியாயிற்று. கை மெல்ல விரிந்தது. வீறிட்டு ஓர் அழுகை எழுந்தது. என் மனைவி அதுவரை அழவில்லை. அப்போது அழுதாள்.

குழந்தை பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லாருக்கும் பேச்சு வந்தது. வியாபாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மூட்டைய மட்டுந்தான் வச்சுட்டுப் போவியன்னு நினைச்சேன் வே. குடும்பத்தையே வச்சுட்டியளே" என்றார்.

குழந்தையை அன்று அசைக்க வேண்டாம் என்று அவர் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். என் மனைவியும் குழந்தைகளும் அங்கேயே தங்கினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்தபடியே கிடந்தது. கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் பஞ்சாங்கம், நான் விட்டுப்போன பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. அதை மூடினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

படுத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். வண்டிக்காரரிடம் கேட்டிருந்தேன். ஜோசியரிடம் முன்பே இரண்டு தடவை போயிருந்தேன். வழியில் எங்கே நல்ல தண்ணீர் என்று தபால்காரரிடம்கூடக் கேட்டிருந்தேன். எட்டு மாதமாக அந்தக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு தூங்குகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகச் சொன்ன ஒரு வார்த்தையையும் தள்ளிவிட்டேன். சத்திரத்துக் கிணறும் பேதியும் அஷ்டமியும் என் பயத்தில் இருந்தன. என்னால் குழந்தைக்கு ஆபத்து வரும் என்று நாலு தாளில் எங்கும் நான் எழுதவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக எண்ணெய் வியாபாரி வீட்டுக்குப் போனேன். என் மனைவி கிணற்றடியில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அவள் எதிரே போய் நின்று, "நாளைக்குக் கிளம்பலாமா, இல்லை நான் முன்னால போய்ட்டு, நீங்க பிறகு வாரியளா? நீ என்ன சொல்லுத?" என்று கேட்டேன். அவள் ஈரத்துணியோடு நிமிர்ந்து, நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்பதுபோல என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்த முதல் கேள்வியை ஒரே ஒரு நாள் முன்னால் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம், என் வீட்டில் யார் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் இன்றைக்கும் என்னைச் சும்மா விடுவதில்லை.