நாற்பத்தேழாம் நம்பர் குடம்

குந்தாரப்பள்ளி ரோட்டில் இருந்த சர்க்கார் பங்களாவில் லூர்தம்மாள் பெருக்குவாள், தண்ணீர் இறைப்பாள். நான் அங்கே குமாஸ்தா. கிணற்று வாளி ஓட்டையாகிப் போய், புதுசு கேட்டு மூன்று தடவை எழுதினேன். பதிலே இல்லை. வருகிற அதிகாரிகள் குளிக்க வேண்டுமே என்று அவள் தன் கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து இறைத்தாள். அதன் கழுத்தில் அவள் பெயர் வெட்டியிருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் இலாகாவுக்குத் திடீரென்று தன் சொத்துகள்மேல் அக்கறை பிறந்தது. அதற்காக ஒரு ஜீப், ஒரு சூப்பர்வைசர், இரண்டு ஆட்கள், தோல் அட்டை ரிஜிஸ்தர், வெள்ளைப் பெயிண்ட்! இத்தனைக்கும் பணம் இருந்தது. ஒரு வாளிக்குத்தான் இல்லை. காம்பவுண்டுக்குள் கண்ணில் பட்டதற்கெல்லாம் நம்பர் போட்டார்கள். கிணற்றடியில் இருந்த குடத்தையும் எடுத்தார்கள்.

"ஐயா, அது எங்கப்பா போட்ட சீருங்க. என் பேரு வெட்டியிருக்குது பாருங்க" என்று லூர்தம்மாள் கெஞ்சினாள்.

"பேரை யார் வேணும்னாலும் வெட்டிக்கலாம். ரசீது இருக்கா?" என்றார் சூப்பர்வைசர்.

சீர்ப் பாத்திரத்துக்கு எந்த வீட்டில் ரசீது வைத்திருக்கிறார்கள்? அவள் பெயர்மேலேயே 47 என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். இனி அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனால் திருட்டு.

அடுத்த மாதம் வாளிக்குப் பதில் வந்தது: "தங்கள் பங்களாவில் 47-ஆம் எண் குடம் நல்ல நிலையில் இருப்பதால் வாளி தேவையில்லை. குடம் நசுங்கினால் தண்ணீர் இறைப்பவரே பொறுப்பு."