ஒரு பாடிக்கு இரண்டு கதவு

எனக்கு வந்தது பொறாமை என்று ஒப்புக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. அதுவரை, அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்காக ஒரு வரைபடச் செயலி செய்துகொண்டிருந்தோம். திரையில் ‘பாடி’ என்ற பெட்டியை இழுத்து வைத்து, அதற்குள் தரை, இரண்டு பக்கம், பின்கதவு என்று சின்னப் பெட்டிகளை, எங்கள் பாஷையில் பிள்ளைகளை, வைத்தால், எவ்வளவு மரம், எவ்வளவு தகடு என்று பட்டியல் வந்துவிடும். மூன்று வருடமாக அதை எழுதியவள் நான். புதுச்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதும் மனதுக்குள் அதைத்தான் திருத்திக்கொண்டிருப்பேன்.

அதை வாங்கிய பட்டறைக்காரருக்கு ஒரே குறை.

“ஏனுங்க, பாடின்னு வெச்சா தரையும் கதவும் தானா வந்து உக்காரோணுமுங்க. கதவில்லாத பாடிய எவங் கட்டுவான்? ஒவ்வொண்ணா நானே இழுத்துட்டுக் கெடக்கோணுமா?”

நியாயம்தான். ஒரு மாதம் உட்கார்ந்தேன். பெட்டிகள் தானாக வந்தன. ஆனால் செய்ததை ரத்துசெய்யும் ‘அன்டூ’ பொத்தானை அழுத்தினால் கதவு மட்டும் போகும். மறுபடி அழுத்தினால் ஒரு பக்கம் போகும். சில நேரம் பாடி போய், கதவு மட்டும் தனியாக நிற்கும்.

அந்தச் சமயத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஆத்தூர்க்காரி, என் வயதுதான். இரண்டாவது வாரம் என் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க படத்துல போய் பெட்டியச் சேர்க்கிறீங்க? மாடல்ல சேர்த்துட்டா படம் தானா வரைஞ்சுக்குமே?”

எதற்குள் எது இருக்கிறது என்ற விவரம் படத்துக்குப் பின்னால் தனியாக இருக்கும். அதைத்தான் மாடல் என்றாள். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் தோன்றவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிட்டாள். பாடியும் அதன் பிள்ளைகளும் ஒரே கட்டளையில் உருவாயின. அன்டூவை ஒருமுறை அழுத்தினால் மொத்தமும் போயிற்று. ஒரு பக்கம் நிறையாத நிரல். எங்கள் அலுவலக முதலாளி, “அட, இவ்வளவுதானா!” என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது.

அன்றிலிருந்து அவள் சிரித்தால் பிடிக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டால் நான் டப்பாவோடு என் மேசைக்குப் போய்விடுவேன். அவள் நிரலை வரிவரியாகப் படித்தேன். கற்றுக்கொள்ள அல்ல, தப்புக் கண்டுபிடிக்க.

ஒரு வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தேன். முடித்த பாடியை நகலெடுத்து ஒட்டினால், நகலோடு வந்த பிள்ளைகள் போதாதென்று அவள் எழுதிய விதி இன்னொரு முறை அவற்றைச் சேர்த்தது. இரண்டு தரை, நான்கு பக்கம், இரண்டு கதவு. திங்கட்கிழமை பட்டறையில் காட்ட வேண்டும். அவள் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லவில்லை. அந்தச் சனி, ஞாயிறு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பட்டறையில் பெட்டிகள் தானாக வந்ததும் பட்டறைக்காரர் கைதட்டினார். பிறகு மவுஸை வாங்கி, “இதே மாதிரி இன்னொரு வண்டி” என்று நகலெடுத்து ஒட்டினார்.

“ஏஞ்சாமி, ஒரு வண்டிக்கு ரெண்டு பின்கதவா? ஒண்ணு தொறக்க, ஒண்ணு மூடவா?”

வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“என் தப்புங்க. ஒட்டுறத நான் யோசிக்கல” என்றாள் அவள். குரல் நேராகத்தான் இருந்தது. மவுஸை வாங்கி, கூடுதலாக வந்த கதவை அழித்தாள்.

திரும்பும்போது காரில் முதலாளி என்னிடம், “இனிமே எதையும் நீங்க ஒருக்கா பாத்துட்டுத்தான் காட்டோணுமுங்க” என்றார். நான் ஆசைப்பட்டது அதுதான். பின் இருக்கையில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அலுவலகப் படியில் ஏறும்போது என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியுமுங்க” என்றேன்.

அவள் ஒரு படி மேலே நின்று திரும்பிப் பார்த்தாள்.

“தெரிஞ்சும் சிரிச்சீங்களா?”

ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்க் கணினியைத் திறந்தாள். பாடிக்குள் ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தால் விதி சும்மா இருக்கும்படி மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்துக் கொடுத்தேன்.

பெங்களூருக்குப் போகும்வரை அவள் இரண்டு வருடம் என்னோடு வேலை செய்தாள். எதையாவது வெளியே காட்டப் போகுமுன் ஒவ்வொரு முறையும் என் மேசைக்கு வந்து, “தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டீங்களா?” என்று கேட்பாள். கோபமாகக் கேட்கமாட்டாள். ஒவ்வொரு முறையும் நான் பதில் சொல்வேன், சில சமயம் நிஜமாகவே ஒன்றிரண்டு தப்புகளையும் எடுத்துக் காட்டுவேன். அவள் குறித்துக்கொள்வாள். அவள் எழுதும் நிரல் அப்போதும் என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது. அது கடைசிவரை எனக்கு வலித்தது.