நேர்ந்துவிட்ட சேவல்

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் வீட்டுப் பெரிய சேவலைக் கருப்புசாமிக்கு நேர்ந்துவிட்டாள். நான் பாஸ் செய்தால் ஆடி மாதம் அதைக் கோயிலில் அறுப்பதாக வேண்டுதல். அடையாளத்துக்கு அதன் காலில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினாள். துணி கட்டிய பிறகு அந்தச் சேவலை விற்கக் கூடாது. விருந்தாளி வந்தாலும் அடிக்கக் கூடாது. அது சாமியுடையது.

எனக்குக் கோபமாக வந்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனவர்கள் யாரும் இல்லை. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார். அரியலூர் பஸ்ஸா பெரம்பலூர் பஸ்ஸா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். அப்படிப்பட்ட வீட்டில் நான் இயற்கணிதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"முட்டி மோதிப் படிக்கிறது நானு. பேரு சேவலுக்கா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீ ஒன் வேலையப் பாரு. அது அதோட வேலையப் பாக்கும்" என்றாள்.

அந்தச் சேவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்பட்டை உடம்பு, பச்சை மின்னும் கறுப்பு வால். குப்பையில் ஒரு புழு கிடைத்தால் தான் தின்னாது. கொக் கொக் கொக்கென்று கூப்பிட்டுக் கோழிகள் வந்த பிறகு அலகால் தள்ளிவிடும். மேலே பருந்து வட்டமிட்டால் முதலில் பார்ப்பது அதுதான். ஒரு சத்தம் கொடுக்கும். குஞ்சுகள் எல்லாம் கருவேலம் புதருக்குள் போய்விடும். இந்த இரண்டு குணமும் இருக்கிற சேவலைத்தான் அம்மா வீட்டில் விடுவாள். மற்றதையெல்லாம் நான்கு மாதத்திலேயே குழம்பு வைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கென்று சொந்தமாக இருந்தது அந்தக் கோழிகள் மட்டும்தான். ஓட்டு வீடு அப்பா பேரில். காது தோடு கூட அடகுக்குப் போய் வரும். கோழிகளை யாரும் அவளைக் கேட்காமல் தொட முடியாது.

பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த சித்திரையில் தெருவில் கழிச்சல் நோய் வந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கோழிகள் விழுந்தன. பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தவை ஒன்றுக்கு ஒன்று நோயைக் கொடுத்துக்கொண்டு மொத்தமாகப் போயின. எங்கள் வீட்டில் இருபதுக்கு மேல் இருந்ததில் மிஞ்சியவை முருங்கை மரத்தில் ஏறி அடைந்த நான்கு. மூன்று பெட்டைகளும் மஞ்சள் துணி கட்டிய அந்தச் சேவலும். தெருவில் வேறு சேவலே இல்லை. விடியற்காலையில் அது ஒன்றுதான் கூவியது.

வைகாசியில் ரிசல்ட் வந்தது. டீக்கடைப் பேப்பரில் என் நம்பர் இருந்தது. அப்பா அந்தப் பேப்பரைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்து, என் நம்பர் எது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். அம்மா அழுதாள். அழுது முடித்ததும் முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

நான் பாஸ். சேவல் போக வேண்டும். சேவல் போனால் பெட்டைகள் இடுவதெல்லாம் கூமுட்டை. எவ்வளவு நாள் அடைக்கு வைத்தாலும் குஞ்சு வராது. நோய்க்குப் பிறகு பெட்டைகள் முட்டையிடுவதையும் நிறுத்தியிருந்தன. அவை திரும்ப இட ஆரம்பிக்க எப்படியும் ஆடி ஆகிவிடும். சந்தையில் வேறு சேவல் வாங்கலாம்தான். ஆனால் அது எந்த ஊர் நோயைக் கொண்டுவருமோ என்று அம்மாவுக்குப் பயம்.

"சாமிகிட்ட தவணை கேளும்மா" என்றேன். "இப்ப இத வெச்சுக்கறோம், இதோட குஞ்சு ஒண்ணத் தரோம்னு சொல்லு."

"நான் சொன்னா போதுமா? சாமி சொல்லணும்ல."

சாமி சொல்வதைத் தெரிந்துகொள்ள எங்கள் பக்கம் பூப்போட்டுப் பார்ப்பார்கள். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ வைத்து, வெளியே தெரியாமல் மடித்து நாரால் கட்டிச் சாமி முன்னால் போட வேண்டும். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

கோயிலில் அம்மா ஒரு கைப்பிடி வெள்ளை நந்தியாவட்டையையும் சிவப்பு அரளியையும் என்னிடம் கொடுத்தாள். "நீ கட்டு. பாஸ் பண்ணின கை."

நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டினேன். இரண்டு பூவரச இலையிலும் நந்தியாவட்டையை வைத்தேன். சிவப்பு அரளியைத் தாவணிக்குள் இடுப்பில் செருகிக்கொண்டேன். பாஸ் செய்தது நான், சேவல் இல்லை. அப்படியிருக்க அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, தரையில் விழுந்து கும்பிட்டாள். இன்னொரு பொட்டலத்தை நானே ஓடிப்போய்க் கிணற்றில் போட்டேன்.

ஆவணியில் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. கூடையில் மணலைக் கொட்டி, பதின்மூன்று முட்டைகளை வைத்து, கூடவே ஒரு இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் இரண்டு காய்ந்த மிளகாயையும் போட்டாள் அம்மா. மற்ற ஊர்களில் இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று இப்படிப் போடுவார்கள். எங்கள் ஊரில் இடிக்கு மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தினமும் மதியம் சுரங்கத்தில் வேட்டு வைப்பார்கள். பாத்திரம் அதிரும். அந்த நேரம் அம்மா எந்த வேலையில் இருந்தாலும் வந்து கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

பதினொரு குஞ்சுகள் பொரிந்தன.

நான் அப்போது அரியலூரில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் கால்நடை ஆஸ்பத்திரிச் சுவரில், கோழிக் கழிச்சலுக்குச் சனிக்கிழமைகளில் தடுப்பு மருந்து என்று எழுதியிருந்தது. தினமும் நூறு பேர் அதைக் கடந்து போனார்கள். நான் நின்று படித்தேன். பெரியம்மா வீட்டு பிளாஸ்க்கை இரவல் வாங்கி, கூல்டிரிங்க்ஸ் கடையில் ஐஸ் கேட்டுப் போட்டு, அதற்குள் மருந்துக் குப்பியை வைத்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் கொடுக்க, நான் மூக்கில் ஒரு சொட்டு விட்டேன்.

பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். "என்னாடி இது, போலியோ சொட்டு மருந்தா? விரல்ல மையும் வெச்சு வுடுவியா?"

"ஒங்க பேத்திக்கு மிச்சம் இருக்கு, கூட்டியாங்க பெரியம்மா" என்றேன்.

"பாத்தியா, பத்தாவது பாஸ் பண்ணினவ வாய" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் யார் வந்தாலும், "எங்க பாப்பா கோழிக்கு மருந்து வுடுது" என்றாள்.

அந்த மருந்து கழிச்சலுக்கு மட்டும்தான். பத்து நாளில் ஒரு குஞ்சைப் பருந்து தூக்கியது. அடுத்த வாரம் இன்னொன்று. சேவல் கத்தத்தான் செய்தது, குஞ்சுகள் ஓடத் தெரியாத வயதில் இருந்தன. பிறகு இரண்டு குஞ்சுகளுக்குக் கண்ணைச் சுற்றிக் கொப்புளம் வந்தது. அம்மை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டோம். கண் திறக்காமலே தீனி எடுக்க முடியாமல் இரண்டும் செத்தன.

அம்மை ஒரு வைரஸால் வருகிறது என்று எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருந்தேன், படம் போட்டுப் பாகம் குறித்திருந்தேன். ஆனாலும் இரண்டாவது குஞ்சைக் குழி தோண்டிப் புதைக்கும்போது அரளிப் பூவின் நினைப்பு வந்தது. அதன் பிறகு அந்த நினைப்பு போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக் கழற்றாமலேயே குஞ்சுகளை எண்ணுவேன். ஏழு இருந்தால்தான் தண்ணீர் குடிப்பேன். நான் செய்ததற்கு அம்மாவின் கோழிகள் ஏன் சாக வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது. சாமி வந்து கோழிக்குஞ்சைக் கொல்லும் என்று நம்புகிறவளா நான்?

ஏழும் பிழைத்தன. மூன்று பெட்டை, நான்கு சேவல். தை மாதம் நான்கும் கொண்டை சிவந்து தொண்டையைப் பழகின. முதல் கூவல் எல்லாம் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். மாசியில் கருப்புசாமிக்குப் பூசை. எதைக் கொடுப்பது என்று பார்க்க அம்மா ஒரு காலையில் கம்பைத் தூவிவிட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

ஒன்று தீனியைக் கண்டதும் மற்றதையெல்லாம் கொத்தி விரட்டியது. ஒன்று நல்ல உயரம், ஆனால் காகம் பறந்ததற்கே ஓடி ஒளிந்தது. ஒன்று கால் கட்டை, எடை மட்டும் இருந்தது. நான்காவது அப்படியே அப்பனை உரித்து வைத்திருந்தது. செம்பட்டை, பச்சை வால். கம்பைக் கொத்தாமல் தங்கச்சிப் பெட்டைகளைக் கூப்பிட்டது. நடுவில் ஒரு தடவை தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தது.

"இதக் குடுக்கலாம்" என்று அந்த நான்காவதைக் காட்டினேன்.

அம்மா திடுக்கிட்டாள். "இதையா? பைத்தியமாடி ஒனக்கு? கெழவனுக்கு வயசாச்சு. அடுத்து இததான் வுடணும். இதோட தங்கச்சி ஒண்ணக் கள்ளங்குறிச்சிப் பக்கம் குடுத்து, வேற ரத்தத்துல ஒரு பெட்ட மாத்திக்கலாம்னு இருக்கேன். சாமிக்கு அந்தக் கட்டக்காலன் போதும். கறி நெறயா இருக்கும், சாமி ஒண்ணும் சொல்லாது."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தூணுக்குப் பின்னால் கட்டியது, இரண்டு நந்தியாவட்டை, இடுப்பில் செருகிய அரளி, கிணறு.

அம்மா கம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, திட்டக்கூட இல்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்பது போலக் கேட்டாள். "பரீட்சையும் இப்படித்தான் எழுதினியா?"

எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ மார்க் போட்டிருக்கிறார்கள். அதுபோல ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "இல்லம்மா. சத்தியமா இல்ல. அது நானா எழுதினது" என்றேன். என் சத்தியத்துக்கு இனி என்ன விலை என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் கம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்குப் பூராவும் என்னிடம் பேசவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பேப்பரில் இருந்த அந்த நம்பரை என் விரலையும் என் வார்த்தையையும் வைத்துத்தான் அவள் நம்பியிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அம்மா இரண்டு சேவல்களின் காலில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்தாள். கட்டைக்காலன் ஒன்று. செம்பட்டை ஒன்று.

"ரெண்டு எதுக்கும்மா?"

"கட்டக்காலன் நீ பாஸ் பண்ணினதுக்கு. நீதான் எழுதினேங்கிற, சரி, நம்பறேன். இது நீ பண்ணின வேலைக்கு." செம்பட்டையின் கால் முடிச்சை இறுக்கினாள். "இத நீதான் தூக்கிட்டு வரணும்."

மாசிப் பூசையன்று பஸ்ஸில் செம்பட்டைச் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன். அதன் நெஞ்சு அடிப்பது கையில் தெரிந்தது. கோயிலில் கூட்டம். பூசாரி அம்மா கையிலிருந்த சேவலை வாங்கிக்கொண்டு, "என்ன வேண்டுதல்?" என்றார்.

"எங்க பாப்பா பாஸ் பண்ணினதுக்குங்க."

"அப்ப அது?" என்று என்னைப் பார்த்தார்.

"அத அவகிட்டயே கேளுங்க" என்றாள் அம்மா.

பெரியம்மா நின்றிருந்தாள். அப்பா நின்றிருந்தார். நான் சத்தமாகவே சொன்னேன். "பூப்போட்டுப் பாத்தப்ப நான் ரெண்டுலயும் வெள்ளப் பூவ வெச்சுட்டேங்க. அதுக்கு."

பெரியம்மா வாயில் கையை வைத்தாள். பூசாரி சேவலை வாங்கிக் கையிலேயே எடை பார்த்தார். "ம். பொய் சொன்னதுக்கு நல்ல கனமாத்தான் குடுக்கற" என்றார். யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கோயில் பக்கத்திலேயே மூன்று கல் கூட்டிச் சமைத்தார்கள். நான் சோற்றைத் தொடவில்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா குனிந்து, செம்பட்டையின் ஈரலை என் இலையில் வைத்தாள்.

"தின்னு. ஒன்னோடதுதான்."

தின்றேன். சாயங்காலம் வீடு திரும்பினோம். கிழவன் முருங்கை மரத்தில் ஏறியிருந்தது. அதன் காலில் மஞ்சள் துணி நைந்துபோய் நூலாகத் தொங்கியது. அம்மா என்னை மரத்தில் ஏறி அதை அவிழ்க்கச் சொன்னாள்.