கடலில்லாத ஊரில் காரைத் தின்ற உப்பு

இந்த ஊரில் வாடகைக்குக் கார் கேட்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது காரைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. "கொழும்பம்மா வர்றாங்களா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். நான் வருகிறேன் என்று தெரிந்த பிறகுதான் எந்த ஊர், எப்போது கிளம்புவது என்ற பேச்செல்லாம். எனக்குத் தலைவலி என்றால் அன்றைக்குக் காருக்கும் தலைவலி. யாழ்ப்பாணத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கார் ஓட்டுவது என் கணவர். எனக்கு ஹாண்டில் சுற்றி எஞ்சினைக் கிளப்பக்கூடத் தெரியாது. கொழும்பில் இருந்ததும் சில வருஷங்கள்தான், பிறந்தது சங்கானை. ஆனால் ஆம்பூரில் யாழ்ப்பாணம் என்றால் யாருக்கும் விளங்குவதில்லை, கொழும்பு விளங்குகிறது. ஆகவே நான் கொழும்பம்மா ஆகிவிட்டேன். திருத்திப் பார்த்தேன், வாய்தான் வலித்தது.

ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் கோஷா. வெளியே போனால் திரை போட்ட வண்டியில்தான் போவார்கள். எங்கள் காரின் பின்சீட்டைச் சுற்றியும் தடித்த பச்சைத் திரை உண்டு. வீட்டு ஆண்கள் தோல் கிடங்கிலேயே கிடப்பதால், வேலூர் ஆஸ்பத்திரிக்கோ உறவுக்காரர் கல்யாணத்துக்கோ பெண்கள் மட்டும் புறப்பட வேண்டியிருக்கும். அந்நிய ஆண் ஓட்டுகிற காரில் எப்படிப் போவது? ஓட்டுகிறவர் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தால் போகலாம் என்று ஒரு வழக்கம் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பின்னால் இருக்கும் பெண்கள் டிரைவரோடு பேசமாட்டார்கள். என்னிடம் சொல்வார்கள், நான் இவரிடம் சொல்லவேண்டும். வந்த புதிதில் ஒருநாள், பின்னால் ஓர் அம்மா "கொஞ்சம் நிறுத்த சொல்லுமா" என்றதும் இவர் உடனே நிறுத்திவிட்டார். காரியம் முடிந்ததென்று நான் நினைத்தேன். திரைக்குப் பின்னால் ஒரே குசுகுசுப்பு. "அவரு இவ்ளோ நேரம் நம்ம பேச்ச கேட்டுனே வந்தாரா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர்கள் மறுபடி எங்கள் காரில் ஏறப் பல நாள் ஆயிற்று. அன்றுமுதல் இவர் கேட்டும் கேளாதவர். பின்னால் இடி விழுந்தாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் இவர் காதில் விழும். வீட்டில் நான் சொல்வதும் விழாமல் போனது இந்தப் பழக்கத்தால்தான் என்று ஊரிலுள்ள அக்காவுக்குக் கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறேன்.

கார் எங்களைப் போலவே கடல் கடந்து வந்தது. ஆம்பூர்ப் பெரியவர் ஒருவர் கொழும்பில் தோல் கடை வைத்திருந்தார். இவர் அவருடைய டிரைவர். வயதானதும் பெரியவர் கடையை மூடி ஊர் திரும்பியபோது காரைக் கப்பலில் ஏற்றினார். ஓட்டத் தெரிந்தவர் வேண்டுமே என்று இவரையும் அழைத்தார். இவர் வந்ததால் நானும் வந்தேன். சாமான்களோடு சாமானாக இறக்கப்பட்டவள் நான். பெரியவர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் புதுக் கார் வாங்கிக்கொண்டு, பழையதை இவருக்கே கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு இவர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பினால் இந்தக் காரில்தான் திரும்புவோம், தனுஷ்கோடியில் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கி, நேரே சங்கானை வீட்டு வாசல் படலை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவோம் என்றார். நான் அதற்கு மேலும் கற்பனை செய்து வைத்திருந்தேன். அக்காவையும் அவள் பிள்ளைகளையும் பின்சீட்டில் நெருக்கி ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி வரவேண்டும். வழியெல்லாம் சனங்கள் பார்க்கவேண்டும். இந்த ஊரின் வெயிலையும், மழையில்லாக் காலத்தில் மணல் மட்டும் கிடக்கும் பாலாற்றையும், எந்நேரமும் மூக்கில் நிற்கும் தோல் வாடையையும் நான் பொறுத்துக்கொண்டதே அந்த ஒரு சவாரிக்காகத்தான்.

பெண்கள் வராத நாட்களில் காரைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாது. காதர் பாய் என்று ஒரு தோல் ஏஜெண்டு, இவருக்கு உயிர்த் தோழர். பள்ளிகொண்டாவிலும் சுற்றுப்பக்கத்துச் சந்தைகளிலும் ஆட்டுத்தோல் வாங்கி, அழுகாமல் இருக்க உப்புப் போட்டுக் கட்டாகக் கட்டி வைப்பார். மாட்டுவண்டி வரத் தாமதமானால், "இன்னா தோஸ்த், காலியாத்தானே போற, ரெண்டு கட்டு தூக்கி போட்டுக்கோ" என்பார். இவரும் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, சாக்கு விரித்து ஏற்றிக்கொண்டு வருவார். இந்த ஊரில் கார் வைத்திருக்கிற எல்லாரும் செய்வதுதான் இது. கல்யாண மாப்பிள்ளை இறங்கிப் போன வண்டியில் மறுநாள் தோல் கட்டு வரும். வீட்டுக்கு வந்ததும் இவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அடுத்த நாள் பெண்கள் ஏறும்போது யாரும் முகம் சுளித்ததில்லை. தோல் வாடையை இங்கே யாரும் வாடையாகவே எண்ணுவதில்லை.

ஜுலேகா பீ என்று ஒரு அம்மா. அவருடைய மகள் ஷம்ஷாதுக்கு ஒரு கால் சூம்பிப்போனது. வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டே இருந்ததில் அந்தப் பெண் கோலை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தாள். அவர்களை அழைத்துக்கொண்டு திரும்பும் ஒரு மத்தியானம், பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் கார் ஏதோ முனகுவதுபோல் இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஜுலேகா பீ, சமையல் விஷயம் பேசுகிறவர்போல நிதானமாகச் சொன்னார்.

"கொழும்பம்மா, வண்டிய நிறுத்த சொல்லுமா. கீழ ரோடு தெரியுது."

"நிப்பாட்டுங்கோ!" என்று நான் கத்தினேன். நிறுத்திவிட்டு, அவர்களை ஒரு புளியமரத்து நிழலில் உட்காரவைத்துத் திரையைக் கட்டிக்கொடுத்த பிறகு பார்த்தோம். பின்னால் கால் வைக்கும் பலகை விழுந்து கிடந்தது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் இலை இலையாக உரிந்து, கையால் தொட்டால் உதிர்ந்தது. இவர் உதிர்ந்ததை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். நான் மரத்தடிக்குப் போனேன்.

"பயந்துட்டீங்களா அம்மா?" என்றேன்.

"எதுக்கு பயம்? நோம்புக்கு முன்னாடியே பலகையில ஓட்ட தெரிஞ்சிச்சே" என்றார் ஜுலேகா பீ. "சாப்பாட்டு கூடைய அது மேல வெச்சி மறைச்சினு வந்தோம். இன்னிக்கு கூடையே கீழ போய்ட்ச்சி."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஒன்கிட்ட எப்டிமா சொல்றது? பக்கத்துல அவரு இருக்காரு, காதுல விழுமே. ஆசையா வெச்சினு இருக்கிற வண்டி. மனசு பேஜாராயிடும்."

ஊரே இவருக்குக் காது கேட்காது என்று நடந்துகொண்டது. இவர் காதில் விழுந்துவிடும் என்று அம்மாவும் மகளும் ஓட்டைக்கு மேல் சோற்றுக்கூடையை வைத்துக்கொண்டு பயணம் செய்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, அதற்கு மேல் சிரிப்பு வந்தது. திரைக்குக் கீழே ஷம்ஷாதின் காலைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன. அந்தக் கால் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

அவர்களை வேறு வண்டியில் ஆம்பூருக்கு அனுப்பிவிட்டு, மாடு கட்டிக் காரை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் மாணிக்கம் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"இது நம்ம ஊர் துரு இல்லீங்க, சமுத்திரத்து துரு. கொழும்புல ஓடின வண்டிதானே? அங்க காத்து அப்டி."

இவர் உடனே தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கட கடலை ஏன் பழிக்கிறீங்கள்? உங்கட ஊர் ஆட்டுத்தோல் உப்புத்தான் தின்றது!" என்றேன். மாணிக்கம் விளங்காமல் இவரைப் பார்த்தார். இவர் நிலத்தைப் பார்த்தார். கடற்காற்றில் துருப்பிடிக்கும் என்று படலைக் கொளுக்கிக்குக்கூட எண்ணெய் பூசுகிற ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். கடல் கண்ணுக்கெட்டாத ஊருக்கு வந்து, உப்பை நாங்களே ஏற்றி, தண்ணீர் ஊற்றி மூலை முடுக்கெல்லாம் போகவும் வைத்திருக்கிறோம்.

மாணிக்கம் விஷயத்தைச் சொன்னார். எஞ்சின் தங்கம். சட்டத்துக்குப் புது இரும்பு வைத்து ஆணியடித்துத் தறையலாம். இல்லையென்றால், ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வே துரை சீமைக்குத் திரும்புகிறார், கண்ணாடி வைத்த மூடு கார் ஒன்றை விற்கப்போகிறார், அதை வாங்கிக்கொள்ளலாம். எங்கள் கையிருப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் கட்டும். பழுது பார்த்தால் கப்பல் செலவுக்கு மிஞ்சும், ஊருக்குப் போகலாம். புதிதை வாங்கினால் இந்த ரோட்டிலேயே இன்னும் எத்தனையோ வருஷம் ஓடித்தான் போட்ட பணத்தை எடுக்கவேண்டும். ஆகவே மாணிக்கம் கேட்டது காரைப் பற்றி. எங்கள் காதில் விழுந்தது வேறு கேள்வி.

"உமக்கு என்ன விருப்பமோ, அதைச் சொல்லும்" என்றார் இவர், ஆம்பூருக்குத் திரும்பும் ரயிலில். "நான் ஓட்டுறவன். எங்கை எண்டாலும் ஓட்டுவன்."

ஊருக்கு, வீட்டை போவம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அது என் வாயில் எத்தனையோ நாளாக இருந்த வார்த்தை. ஆனாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் ஜுலேகா பீ திரை கட்டிய ஜட்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இத்தனை காலத்தில் அவர் முகத்தை நேருக்கு நேர், திரையில்லாமல், வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான். நான் நினைத்ததைவிட வயது குறைவு. நான் கொடுத்த கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைத்தார். எங்கள் கோப்பியில் மல்லி போட்டிருக்கும், அவருக்குப் பிடிக்கவில்லை.

"போயிடுவீங்களாமே" என்றார்.

"இன்னும் முடிவில்லை."

"ஊருக்கு போறது நல்லதுதான். யாருக்கு ஆச இருக்காது?" கோப்பையைத் தள்ளி வைத்தார். "இந்த ஊர்ல காரு ஜாஸ்தி ஆயிட்ச்சி. காருக்கு பஞ்சமில்ல. முன்னாடி ஒக்கார்ற பொம்பளதான் இல்ல. அதான் ஷம்ஷாது அழுவுறா." கெஞ்சவில்லை. எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம்தான். பாரத்தை என் தலையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாரே என்று. ஆனால் அவர் போன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சங்கானையில் என்னைத் தேடி வந்து, நீ வருகிறாயா என்று கேட்டுவிட்டு ஒரு காரியத்தைத் தொடங்க யாரும் இல்லை. அங்கே நான் அக்காவின் தங்கை, டிரைவரின் பெண்சாதி. அதிலும் ஒரு சுகம் உண்டுதான். அந்தச் சுகத்துக்காக ஏங்கித்தான் இத்தனை காலம் இருந்தேன். இரண்டும் வேண்டும் என்று மனம் கேட்டது.

மாணிக்கத்திடம் மறுபடி போனோம். இரும்பை அளந்து வெட்டி வைத்திருந்தார். "சொன்னா இன்னிக்கே அடிச்சிடறேன். ஊர் போய் சேர்ற வரைக்கும் நான் பொறுப்பு" என்றார். பிறகு, "ஒரு சங்கதி. மத்த சட்டமும் உள்ளுக்குள்ள அரிச்சிருக்கு. பின்னாடி பெட்டி படுக்கைய வைங்க, போவும். ஆள் மட்டும் ஏத்தாதீங்க" என்றார்.

"ஊருக்குப் போன பிறகு?" என்று கேட்டேன்.

"எப்பவுமேதான்மா."

"சின்னப் பிள்ளைகள் என்றால்?"

"வேணாம்மா. பாவம்."

பச்சைத் திரை சுருட்டிக் கிடந்த அந்தப் பின்சீட்டைப் பார்த்தேன். அக்கா படலையில் நிற்பாள். பிள்ளைகள் ஓடிவந்து கதவைத் திறப்பார்கள். ஏறாதையுங்கோ என்று நான் சொல்லவேண்டும். இத்தனை வருஷம் நான் மனதில் ஓட்டிய சவாரி அந்தப் பட்டறையிலேயே நின்றுபோனது. அழுகை வந்தது, மாணிக்கத்துக்கு முன்னால் அழ விருப்பமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அடிக்க வேண்டாம்" என்றேன் இவரிடம். "மற்றதை வாங்குங்கோ."

இவர் என்னையே பார்த்தார். "வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிச்சால் சொல்லமாட்டன்" என்றேன்.

துரையின் மூடு காரை வாங்கிவிட்டோம். தோல் கட்டு ஏற்றுவதில்லை என்று காதர் பாயிடம் நானே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பழைய காரின் எஞ்சினைத் தமக்குக் கேட்டார். இப்போது அது அவருடைய தோல் பதனிடும் ஷாப்பின் கிணற்றடியில், சிமிட்டி மேடைமேல் முடுக்கப்பட்டிருக்கிறது. சக்கரமில்லை, சட்டமில்லை. பெல்ட் போட்டு, தோல் ஊறவைக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில்தான் அந்த ஷாப். காலையில் அதைக் கிளப்பும்போது, முதலில் இருமி, பிறகு ஒரு மூச்சு நின்று, பிறகு சீராக ஓடத் தொடங்கும். கொழும்பில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே கேட்ட அதே சத்தம். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பெட்டி கட்டவேண்டும்போல் கை பரபரக்கிறது. நேற்றும் கேட்டது. ஊருக்குக் கிளம்பிவிட்டோம் என்றே எழுந்து சீலையை உதறிக் கட்டினேன். வாசலில் இவர் புதுக் காரின் ஹாரனை அடித்தார். ஷம்ஷாதுக்கு அன்று ஆஸ்பத்திரி நாள். நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். பழையது பின் தெருவில் நின்ற இடத்திலேயே நின்று சங்கானைக்கு ஓடிக்கொண்டிருந்தது. புதியது என்னை ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் புறப்பட்டது.