தென்காசிக்குப் போன தபால்கள்

காலண்டர் அச்சடிப்பது சுலபம். அதை வாங்கக்கூடியவரை நம் உறையைப் பிரிக்க வைப்பதுதான் பெரும்பாடு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் காலை வணக்கங்களோடு சேர்த்து அழித்துவிடுகிறார்கள். தபாலில் அனுப்பினால் உறையின் முதுகில் கூட்டல் கணக்குப் போடுகிறார்கள். எதையாவது விற்கக் கடிதம் எழுதிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் இந்த வேதனை தெரிந்திருக்கும்.

நான் சிறுவர் பத்திரிகையில் புள்ளிகளை இணைக்கவும், முயலுக்கு வழி காட்டவும் பக்கம் தயாரித்தவன். பத்திரிகை நின்றதும் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். வியாபாரிகளின் கண்ணில் படும்படி விசித்திரமான தபால்கள் செய்து அனுப்புவது வேலை. கொஞ்ச நாளில் பக்கத்து மேசைக்குப் பால்பாண்டி வந்தார். கல்யாணப் பத்திரிகை விற்றவர்; அவருக்கும் அதே வேலை. ஒரு வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. தென்காசியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதன் அண்ணாச்சி எங்களுக்கு ஆர்டரே தந்ததில்லை. ஆடிப்பெருக்கன்று ஊரில் எல்லா அச்சகங்களும் புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கும். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "அதுக்குள்ள அந்த அண்ணாச்சியைக் காலண்டர் கேட்டு யாரு போன் பண்ண வைக்கிறீகளோ, அவுக இந்த வேலையில இருங்க. இன்னொருத்தர் புரூஃப் ரூமுல போய் ராகுகாலம், எமகண்டம் சரிபாருங்க."

திரி வைத்த உருளை

அட்டையை உருட்டி, சணல் சுற்றி, பச்சைத் திரி வைத்துப் பொய் வெடி ஒன்று செய்தேன். உள்ளே மருந்து கிடையாது. திரியை இழுத்தால் காலண்டர் படங்கள் சுருள் சுருளாக வெளியே வரும். கூரியர்காரர் சந்தேகப்பட்டார். தானே இழுத்துப் பார்த்தார், சிரித்தார், பிறகு வாங்கிக்கொண்டார். பட்டாசு செய்யும் எங்கள் ஊரில் வெற்று வெடிக்குழாயைப் பிள்ளைகள் ஊதி விளையாடுவார்கள். வேறு ஊரில் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தென்காசியில் பார்சலைப் பிரித்த மேனேஜர் அதை வாளித் தண்ணீரில் அமுக்கி, வாளியைத் தெருவில் வைத்து, வாடிக்கையாளர்களையும் தெருவுக்கு அனுப்பிவிட்டார். அண்ணாச்சியே போன் செய்து என்னைத் திட்டினார். நான் முதலாளியிடம் ஓடிப்போய், போன் வந்துவிட்டது என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "காலண்டர் கேட்டு வரணும்னேன். கொல்லப் பாத்தியான்னு வந்ததை எப்படிய்யா கணக்குல சேக்குறது?"

பட்டு வேட்டி

பால்பாண்டி தமக்குத் தெரிந்ததைச் செய்தார். மஞ்சள் தடவிய உறையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மணமகன் செல்வன் சுவர், மணமகள் செல்வி காலண்டர். முகூர்த்தம் ஜனவரி முதல் தேதி. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் இரண்டு முறை தேடினேன். இல்லாதது வருத்தமாக இருந்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டாம். மஞ்சள் தடவிய உறை வந்தால், யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடப் பார்க்காமல், அனுப்பியவர் முகவரிக்கு மாப்பிள்ளை வேட்டி ஒன்று போய்விடும். இங்கேயும் வந்தது. போன் வரவில்லை, ஆகவே அவரும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஒரே கடையிலிருந்து எனக்கு வசவும் அவருக்கு வேட்டியும் வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். நான் பார்க்காததுபோலக் கரையைப் பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "சும்மா தொட்டுப் பாருங்கண்ணே. வழவழன்னு இருக்கு."

மடக்குக் கடை

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தென்காசிக் கடையையே காகிதத்தில் கட்டினேன். அட்டையைத் திறந்தால் கடை எழுந்து நிற்கும். ஷட்டர் மேலும் கீழும் போகும். கல்லாவில் விரல் நீளத்தில் அண்ணாச்சி, அவர் தலைக்கு மேல் எங்கள் காலண்டர். மடிக்க வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு, வெட்ட வேண்டிய இடத்தில் முழுக்கோடு. ஒரு கோடுகூட விலகவில்லை. பால்பாண்டியால் ஏழு ஜென்மத்துக்கும் இதைச் செய்ய முடியாது என்ற நிறைவோடு அனுப்பினேன்.

போன் வந்தது. அண்ணாச்சி இல்லை, அவருடைய பேத்தி. கடை நேராக அவள் கைக்குப் போய்விட்டது. தாத்தா அதைப் பார்த்தாரா என்று கேட்டேன். தாத்தா தூங்குகிறார் என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "மாமா, இன்னொரு கடை அனுப்புங்க. இதுல இருந்த தாத்தாவைத் தம்பி தின்னுட்டான்."

ஒரே ஓர் ஆணி

அடுத்து பால்பாண்டி அனுப்பியது ஒரு நகைப்பெட்டி. உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் ஓர் ஆணி. கூடவே ஒரு சீட்டு: 'அண்ணாச்சி, இதைக் கல்லாவுக்கு மேலே அடித்து வையுங்கள். மாட்ட வேண்டியதை நாங்கள் கொண்டுவருகிறோம்.' அவ்வளவுதான். படம் இல்லை, மடிப்பு இல்லை. படித்தபோது நெஞ்சு காந்தியது. இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! இரும்பைக் கொடுத்தால் உறவு முறியும் என்பார்கள். அதுவரை நான் அதை நம்பியதில்லை. அன்றைக்கு மனதார நம்பினேன்.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் மத்தியானம் போன் அடித்தது. முதலாளி எங்கள் இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். தென்காசி அண்ணாச்சிதான். "ஏய்யா, ஆணியை அடிச்சுட்டேன். வாறவுக எல்லாம் இங்கன என்னத்த மாட்டப்போறீகன்னு கேக்காக. பதில் சொல்லி மாளல. எங்கய்யா காலண்டரு?"

மேசை மாற்றம்

கத்தரிக்கோல், பசை, அளவுகோல் எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டு புரூஃப் அறைக்குக் கிளம்பினேன். பால்பாண்டி பின்னாலேயே வந்து பசை டப்பாவை வாங்கிக்கொண்டார். பெருமை பேசப்போகிறார் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் டப்பாவை மேசையில் வைத்தார். போகாமல் நின்றார். கேட்க வேண்டும் என்று நான் நினைத்திராத ஒன்றைச் சொன்னார்: "அந்த மடக்குக் கடையைப் பாத்த அன்னைக்கு வயிறு எரிஞ்சு போச்சுண்ணே. எனக்கு ஒரு கோடுகூட நேராப் போட வராது. என்னத்த அனுப்பியும் உங்களை மிஞ்ச முடியாதுன்னுதான் வெறும் ஆணியை அனுப்பிச்சேன்."

தென்காசிக்காரரைத் திரும்பிப் பார்க்க வைக்க நாங்கள் அனுப்பிய தபால்களில் பாதி, எவ்வளவு சரியாக முகவரி எழுதியும், பக்கத்து மேசைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.